கோயில் தூம்பாவை வேண்டாம் என்ற எங்கள் அம்மா

எங்கள் அம்மா இறைவனடியில் இளைப்பாறி ஓராண்டு ஆகிறது. நல்லதை மட்டும் எழுதக்கா என்று தம்பி சொன்னான். நான் நடந்ததை எழுதுகிறேன். கோபித்துக்கொள்பவர்கள் தாராளமாகக் கோபித்துக்கொள்ளட்டும்.

அம்மா பிறந்ததும் வாழ்ந்ததும் திருமானூர்ப் பக்கம், கொள்ளிடக் கரையோரக் கிராமம் ஒன்றின் கீழத்தெரு. கையளவு நிலம் கிடையாது. ஊரார் வயலில் நாற்று நட்டு, கரும்பு வெட்டி எங்களைப் படிக்க வைத்தார். ஞானஸ்நானம் பெற்ற கோயிலிலேயே கடைசிவரை எங்கள் தெருவுக்கென்று ஒதுக்கிய இடப்பக்கத் தரையில்தான் உட்கார்ந்தார்.

எண்பதுகளில் ஒரு நடவுக் காலத்தில் அப்பா பாம்பு கடித்து இறந்தார். இறந்தவரைக் கல்லறைக்குச் சுமந்து செல்லும் மரத் தூம்பா எங்கள் கோயிலில் இரண்டு உண்டு. பித்தளைச் சிலுவை பதித்தது மேலத்தெருவுக்கு. கரையான் அரித்துக் கால் உடைந்து கிடந்தது எங்களுக்கு. அம்மா கோயில் பெரியவரிடம் போய் நின்றார்.

"மழ பேயுதுங்க. இந்த ஒரு தடவ நல்லதக் குடுங்க."

"உங்க தெருவுக்குன்னு ஒண்ணு இருக்குல்ல? புதுசா வழக்கம் எதுக்கு?"

பூசை வைக்கும் பங்குச் சாமியாரும் தலையிடவில்லை. மூங்கில் வெட்டிப் பாடை கட்டினார்கள். மேலத்தெரு வழியாகவும் போகக்கூடாதாம், வரப்பில் இறங்கினோம். நனைந்த கயிறு நெகிழ்ந்து பாடை ஒருபக்கம் சாய்ந்தது. சரிந்த அப்பாவின் கால்களை அம்மா நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டே கல்லறைவரை நடந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மா பூசைக்குக் கிளம்பினார். எனக்குத் தாங்கவில்லை.

"வெக்கமா இல்லியாம்மா? அங்க என்ன வேல உனக்கு?"

"தூம்பாவ அவங்களே வச்சிக்கட்டும்டி. நா அவங்களப் பாக்கவா போறேன்? அவரப் பாக்கப் போறேன்."

"அவருந்தான் பாத்துக்கிட்டு இருந்தாரு."

"அதத்தான் கேக்கப் போறேன்" என்றார் அம்மா.

நிஜமாகவே கேட்டார். சிலுவையில் தொங்கும் பாடுபட்ட சுரூபத்தின் முன் முழந்தாளிட்டு, பக்கத்து வீட்டுக்காரரிடம் சண்டை போடுவது போல வாய்விட்டுக் கேட்டார். வீட்டுக்கு வந்ததும் முகம் தெளிந்திருந்தது. "அவரையும் ஊருக்கு வெளியதான்டி கொன்னாங்க. பொதைக்கச் சொந்தமா ஒரு குழி இல்ல. எவரோ குடுத்த எடம். அவருக்குத் தெரியாதா என் வவுத்தெரிச்சல்?" என்றார். இந்த ஆறுதல் அம்மாவுக்குப் போதுமானதாக இருந்தது. எனக்குப் போதவில்லை. நான் கோயிலுக்குப் போவதை நிறுத்தினேன்.

சென்ற ஆண்டு அம்மாவை அரியலூர் பெரிய ஆஸ்பத்திரியில் கைவிட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். அதே பெரியவர் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். அவர் பேரப்பிள்ளைகளுக்கு இப்போது நான் டீச்சர் அல்லவா!

"டீச்சரம்மா, அம்மாவுக்கு நம்ம நல்ல தூம்பாவையே எடுத்துக்கலாங்க. சாமியார்ட்ட பேசிட்டேன்."

அப்பா சாய்ந்த காட்சி கண்முன் வந்தது. சரி என்று சொல்ல வாயெடுத்தேன். பாயில் கிடந்த அம்மா முந்திக்கொண்டார்.

"தெருவுக்கே குடுப்பீங்களா? எனக்கு மட்டுந்தானா?"

பெரியவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அப்ப வேணாங்க. அவரு போன மாரியே நானும் போறேன்." பிறகு என் பக்கம் திரும்பி, "நல்ல கயிறாப் பாத்துக் கட்டச் சொல்லும்மா" என்றார்.

இரண்டு நாளில் கண்மூடினார். மறுபடியும் மூங்கில், மறுபடியும் அதே வரப்பு. இந்த முறை நானும் பேசிக்கொண்டே நடந்தேன், அம்மா சண்டை போட்ட அந்தச் சிலுவைக்காரரிடம். பாதி வழி திட்டினேன். மீதி வழி, அம்மாவைப் பத்திரமாக வாங்கிக்கொள் என்றேன். வாங்கிக்கொள்வார் என்று நம்பினேன். எங்கிருந்து வந்தது அந்த நம்பிக்கை என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

மூங்கில் வெட்டிய பங்காளிகளுக்கும், சேற்றில் எங்களோடு இறங்கி நடந்த இளம் சாமியாருக்கும், சோறாக்கி அனுப்பிய கீழத்தெருத் தாய்மார்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. கோயில் பெரியவருக்கு அம்மா சொன்ன பதிலே எங்கள் பதில். கயிறு கட்டிய எங்கள் மாமாவுக்குத் தனியாக ஒரு கும்பிடு. கல்லறைவரை எங்கள் அம்மா சாயவில்லை.