துண்டுக்குள் கேட்ட சம்மதம்

சந்தை நாளன்று காலையில் வேலந்தாவளத்திலிருந்து வந்த வண்டிக்காரர் பள்ளி வாசலில் மாட்டை நிறுத்தி, "வாத்தியாரய்யா, நம்ம தரகர் போயிட்டாருங்க" என்றார். எந்தத் தரகர் என்று நான் கேட்கவில்லை. எங்கள் ஊரில் அச்சொல் சென்னியப்பனார் ஒருவரையே குறிக்கும்.

அவரை அறியாதவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். மாட்டுச் சந்தையில் விலை வாயால் பேசப்படுவதில்லை. தரகர் தம் துண்டால் கைகளை மூடி, விரல்களைப் பிடித்தே விலை கேட்பார். சுற்றி நிற்பவர் எவரும் அதை அறியார்.

நான் இவ்வூருக்கு வந்த புதிதில் எங்கள் பள்ளிக்குக் கிணறு இல்லை. பிள்ளைகள் வாய்க்கால் நீரைக் குடித்தார்கள். ஒரு கோடையில் வாந்திபேதி கண்டு மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி இறந்தாள். கிணறு வேண்டி அரசுக்கு விண்ணப்பித்தேன். சேரிப் பிள்ளைகள் உட்பட அனைவரும் அதில் இறைக்கலாம் என்று குடும்பத் தலைவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் மாத முடிவுக்குள் கையொப்பமிட வேண்டும்; தவறினால் கிணறு வேறூருக்குப் போகும் என்று பதில் வந்தது. படிவத்துடன் வீடுவீடாகச் சென்றேன். அடுத்த வீட்டார் முதலில் போடட்டும் என்றே எல்லோரும் சொன்னார்கள்.

வெறும் படிவத்தோடு திரும்பிய என்னைத் தரகர் வழிமறித்தார். "ஏனுங்க வாத்தியாரய்யா, நாலு பேரு முன்னால வெல கேட்டா எவனாச்சும் வாயத் தொறப்பானுங்களா?"

மறுநாள் ஆலமரத்தடியில் ஊர் கூடியது. அவர் துண்டை விரித்தார். "ஒரு வெரல் புடிச்சா செரி, ரெண்டுன்னா வேண்டாம். அவ்வளவுதானுங்க."

சேரிக்காரர் ஒருவரின் கை துண்டுக்குள் சென்றதும் பண்ணையார் எழுந்தார். "அதே துண்டுக்குள்ள நானும் கைய உடோணுமாக்கும்?"

"போன சந்தைல உங்க எருமைய வாங்குனது இவருதானுங்க. துண்டும் இதேதான். அன்னைக்குக் கேக்கலீங்களே?"

கூட்டம் சிரித்தது. பண்ணையாரும் கையை நீட்டினார்.

இறுதியில் தரகர் துண்டை உதறித் தோளில் போட்டு, "பாதிக்கு மேல செரிங்கறாங்க" என்றார். பெயர்களைக் கேட்டேன், எண்ணிக்கையையாவது கேட்டேன். "துண்டுக்குள்ள சொன்னத வெளிய சொன்னா நாந் தரகனில்லீங்க" என்று மறுத்தார். விதிப்படி இது செல்லாது என்று நான் சொல்லி முடிக்கவில்லை. தாம் தனியர் அல்லர் என்று அறிந்த ஊரார் படிவத்தைச் சூழ்ந்துகொண்டார்கள். மாலைக்குள் வேண்டிய கையொப்பங்கள் சேர்ந்தன. கிணறு வந்தது. பண்ணையார் ஓராண்டு வேறு தரகரிடம் மாடு விற்றார். அதைப் பற்றிச் சென்னியப்பனார் ஒரு சொல்லும் சொன்னதில்லை.

ஆயினும் ஓர் ஐயம் என்னை விடவில்லை. அன்று உண்மையாகவே பாதிக்கு மேற்பட்டோர் இசைந்தார்களா, அல்லது இவரே துணிந்து அப்படிச் சொல்லிவிட்டாரா? கண்டபோதெல்லாம் கேட்டேன்; சிரித்து நழுவினார். சென்ற மாதம், நோயுற்றுக் கிடந்தவரிடம் மறுபடியும் கேட்டேன்.

"இன்னும் அதேதானுங்களா? செரி, கையக் குடுங்க. நெசம்னா ஒண்ணு, பொய்யின்னா ரெண்டு."

தலைமாட்டில் கிடந்த துண்டை இழுத்து எங்கள் கைகளை மூடினார். அவர் பிடியில் அப்போதும் தளர்ச்சி இல்லை.

நேற்று அவர் உடல் பள்ளி வழியே சென்றது. பிள்ளைகள் கிணற்றைச் சுற்றி எழுந்து நின்றார்கள். ஒருத்தி கயிற்றை விடாமல் பிடித்திருந்ததால், நிறைந்த வாளி பாதி வழியில் சொட்டிக்கொண்டே தொங்கியது.

சென்று வாருங்கள், தரகரே. தாங்கள் பிடித்தது ஒரு விரலா, இரு விரலா என்று இவ்வூரார் இனி என்னைக் கேட்பார்கள். நான் சொல்லமாட்டேன்.