தங்கச்சி ஒதுக்கி வைத்த சோறு

எனக்குக் கோவையாக எழுத வராது. நாலாம் வகுப்போடு நின்றவள். முன்னே நடந்ததைப் பின்னே சொல்லுவேன், பாதி மறந்தும் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். என் தங்கச்சியைப் பற்றி வேறு யாரும் எழுதப் போவதில்லை.

எங்கள் அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு மண்கலயம் இருந்தது. உலையில் அரிசி போடுமுன் அம்மா அதிலிருந்து ஒரு பிடி எடுத்து அந்தக் கலயத்தில் போடுவாள். மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை அதைச் சபைக் கோயிலில் காணிக்கையாகக் கொண்டுபோய்க் கொட்டவேண்டும். கிறிஸ்தவர்கள் குடியிருந்த எங்கள் வேதக்காரத் தெருவில் எல்லா வீட்டிலும் அந்த வழக்கம். அப்பா கொழும்புக்கு அப்பால் தேயிலைத் தோட்டத்துக்குப் போய் வருஷமாகியும் கடிதமில்லை. எங்களை ஆளாக்குவது தன் ஒருத்தி பொறுப்பு என்று அம்மா நினைத்தாள். எதையும் வாயால் சொல்லமாட்டாள், செய்து காட்டுவாள். ஜெர்மன் சண்டைக்கு முந்தின வருஷம் என்று நினைக்கிறேன், தாமிரபரணியில் தண்ணீர் இறங்கி, கார்ப் பருவ நெல் நடவும் கூலியும் இல்லாமல் போயிற்று. அப்போதும் பிடி அரிசி நிற்கவில்லை. எங்களுக்குப் போட்டுவிட்டு, “எனக்குப் பசிக்கலட்டி” என்று தண்ணீரைக் குடித்து எழுந்துவிடுவாள்.

பக்கத்து வீட்டுக்காரி, அம்மாவுக்கு மைனி முறை, சும்மா இருக்கமாட்டாள். “ஏளா, நீ காத்தைக் குடிச்சே உசிரோட இருக்கே. உன் வீட்டு அரிசி வரலைன்னா ஆண்டவர் வீட்டுல அடுப்பு எரியாதோ?”

அம்மா சிரிப்பாள். “பிள்ளைக பாக்குதுல்லா, மைனி.”

பார்த்தோம்தான். ஏழு வயதுத் தங்கச்சி ஒரு மத்தியானம் தன் சோற்று வட்டிலை நகர்த்தி, “எனக்குப் பசிக்கலம்மா, அக்காவுக்குக் குடு” என்றாள். அன்றைக்கு அம்மாவின் முகம் மலர்ந்ததுபோல் அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. மைனியைக் கூப்பிட்டுச் சொன்னாள்: “பாத்தியளா? நான் ஒரு வார்த்தை சொல்லல. கண்ணால பாத்தே படிச்சுக்கிட்டா.” மறுநாளும் தங்கச்சி வட்டிலை நகர்த்தினாள். அந்தச் சோற்றையும் நான்தான் தின்றேன்.

மூன்றாம் நாள் காலையில் ஆற்றுக்குப் போகும்போது அவள் கையைப் பிடித்தேன். சுட்டது.

“என்னட்டி, காய்ச்சலா?”

“ஒண்ணுமில்லக்கா. அம்மாட்ட சொல்லிராத. அம்மா நம்மகிட்ட சொல்லுதாளா?”

நான் சொல்லவில்லை. எனக்கு அப்போது பத்து வயது. அன்று சாயங்காலம் அவள் வாசலில் விழுந்தாள். பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்கு வண்டி கிடைக்குமுன் போய்விட்டாள். அம்மாவுக்கு அழுகை வரவில்லை. “பசிக்கலைன்னாளே, நான் சந்தோசப்பட்டேனே” என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

பிறகு அம்மா ஆளே மாறிப்போனாள். முள் குத்தினால்கூட, என் முகத்தைப் பார்த்துக்கொண்டே, தெருவுக்குக் கேட்கும்படி “ஐயோ, வலிக்கே” என்று கத்துவாள். தெரு சிரித்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. அது எனக்காகக் கத்தியது என்பது நான் பிள்ளை பெற்ற பிறகுதான் விளங்கியது. அதற்குள் முதலில் பார்த்தது, வலியை மறைப்பது, எனக்குள் இறுகிப்போயிருந்தது.

தூத்துக்குடியில் வாழ்க்கைப்பட்ட என் மகள் வந்தால், “என்னம்மா செய்யுது?” என்று கேட்பாள். “ஒண்ணுமில்ல” என்பேன். அவள் கடிதங்களிலும் “நான் சுகம்” என்றே இருக்கிறது. இத்தனை வருஷத்தில் ஒரு தலைவலிகூட எழுதியதில்லை. ஒவ்வொன்றையும் இரண்டு தரம் படித்து, எதை மறைத்தாளோ என்று தேடுகிறேன். மாற்றிச் செய்து காட்ட இனி எனக்கு நாளும் இல்லை.

தங்கச்சிக்கு ஏழு வயது என்று எழுதினேன். அம்மா எட்டு என்பாள். சபைப் பதிவுப் புத்தகத்தில் இருக்கும். என்னால் அவ்வளவு தூரம் நடக்க முடியாது. யாராவது பார்த்து, சரியான வயதைப் போட்டுவிடுங்கள்.