அக்காவைக் கொடுத்த ஊர்

மாமாவின் மாட்டுவண்டியில் எப்போதும் ஒரு கட்சிக்கொடி கட்டியிருக்கும். பேரிகைச் சந்தைக்கு ராகிமூட்டை ஏற்றிப் போனாலும் சரி, என் அக்காவைத் தாய்வீட்டுக்கு அழைத்து வந்தாலும் சரி, கொடி இறங்காது. மாமா என்பது அக்காவின் வீட்டுக்காரர். பேரிகைக்கு அப்பால், கர்நாடக எல்லையை ஒட்டிய சிற்றூரில் கிளைச் செயலாளர். அவர் சொன்னால் ஊரே ஒரு சின்னத்தில் குத்தும்.

எழுபதுகளின் கடைசியில் ஒரு தேர்தலில் அவர் கட்சி தோற்றது. ஊருக்கு வருவதாக இருந்த துணை சுகாதார நிலையம், தார்ச்சாலையும் பஸ்ஸும் ஏற்கெனவே இருந்த பக்கத்து ஊருக்குப் போய்விட்டது. கேட்கப்போன மாமாவிடம் வென்ற கட்சியின் ஒன்றியச் செயலாளர், "ஓட்டை அங்க போட்டுட்டு நர்ஸை இங்க வந்து கேக்கறீங்களே" என்றாராம். மாமா அதைப் பெருமையாகவே எங்களிடம் சொன்னார்.

அடுத்த மழைக்காலத்தில் அக்காவுக்குக் குழந்தை பிறந்தது. ரத்தம் நிற்கவில்லை. பக்கத்து ஊருக்குப் போகும் வழியில் ஓடை நிரம்பி ஓடியதால், எல்லை தாண்டிக் கர்நாடகத்து ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டினோம். அக்காவின் தலை என் மடியில் இருந்தது. "புள்ளைக்குத் துணி போத்துடா, நனையுது" என்றதுதான் அவள் கடைசிப் பேச்சு. நாடி பார்த்த நர்ஸம்மா, கொஞ்சம் முன்னால் வந்திருக்கக் கூடாதா என்று கன்னடத்தில் கேட்டார். மாமாவுக்குக் கன்னடம் நன்றாகவே தெரியும்.

அதற்கடுத்த தேர்தலுக்கு முன் மாமா தாமாகவே அந்த ஒன்றியச் செயலாளரிடம் போய், ஊர் ஓட்டு மொத்தமும் உங்களுக்கு என்று வாக்குக் கொடுத்தார். உடனே ஊரில் சுகாதார நிலையத்துக்குக் கட்டட வேலை தொடங்கியது. அவரோடு வளர்ந்தவர்களே துரோகி என்றார்கள். வாக்கு தவறாமல் ஊர் குத்தியது. ஆனால் அந்த முறை ஜெயித்தது மாமாவின் பழைய கட்சி. சுவர் ஜன்னல் மட்டத்தோடு நின்றுபோனது. மீதியைக் கட்டித்தரக் கேட்டபோது பழைய தோழர் ஒருவர் சொன்னார்: "நீங்க எங்கள நம்பலியேண்ணா. இப்ப எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு வந்தீங்க?"

அப்போது நான் தொழிற்சாலைகள் நிறைந்த மூக்கண்டப்பள்ளியில் தங்கி ஒரு கம்பெனியில் வேலை பார்த்தேன். அங்கே விரல் நசுங்கினாலே வாசலுக்கு ஆஸ்பத்திரி வண்டி வந்துவிடும். மாமாவின் ஊரும் அதே தாலுகாதான்.

தொண்ணூறுகளில், அன்று மழையில் பிறந்த அக்கா மகளுக்கு வரன்கள் வந்தன. மாமா நிலத்தையோ வேலையையோ விசாரிக்கவில்லை. "ஊருல ஆஸ்பத்திரி இருக்குதா? டாக்டர் அங்கியே தங்கறாரா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றவர்கள் எல்லைக்கு அந்தப் பக்கத்துக்காரர்கள். அங்கேயே கொடுத்தார். பெண்ணை விட்டுத் திரும்பும்போது, "இனிமே அவ ஓட்டு அங்கதான்" என்றார். தன்னுடைய ஓட்டை அவர் போடாமல் விட்டு வெகுகாலம் ஆகியிருந்தது.