எடுத்தோ: ஆரல்வாய்மொழிக் காற்றில் ஒரு கோல்ஃப் பயணம்

சனிக்கிழமை காலை, நாகர்கோவில். கோவையிலிருந்து வந்த இரவு ரயில் எங்கள் பன்னிரண்டு பேரையும் பன்னிரண்டு நீளப் பைகளையும் பிளாட்பாரத்தில் இறக்கிவிட்டது. டீக்கடைக்காரர் பைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். டீ பதினைந்து ரூபாய், பேச்சு இலவசம்.

"இது என்னம்மா, ஆளுக்கொரு மம்பட்டியா?"

"இல்ல அண்ணாச்சி, கோல்ஃப் மட்டை. பந்தை அடிச்சுக் குழியில போடணும்."

"குழிய யாரு தோண்டுவா?"

"அது முன்னாலேயே தோண்டிக் கெடக்கு."

"தோண்டுன குழியில பந்து போடதுக்கா கோயம்புத்தூர்ல இருந்து வாறிய?"

நான் சிரித்துவிட்டேன். இந்தப் பயணத்தில் மனம்விட்டுச் சிரித்தது அந்த ஒரு முறைதான் என்பதால் அதை முதலில் எழுதி வைக்கிறேன்.

கோவையில் ஞாயிறுதோறும் பொழுதுபோக்காக கோல்ஃப் ஆடும் குழு எங்களுடையது. பதினொரு ஆண்கள்; ஒரு பெண், நான். ஆண்டுக்கு ஒரு முறை வெளியூர் போய் ஒரு போட்டி ஆடுவோம். ஊட்டி, கொடைக்கானல் எல்லாம் முடிந்து இந்த ஆண்டு குமரி மாவட்டம். ஆரல்வாய்மொழிக்குப் பக்கத்தில் ஒருவர் தென்னந்தோப்பைத் திருத்தி ஒன்பது குழி மைதானமும் தங்கும் அறைகளும் அமைத்திருக்கிறார். அதைத் தேடிப்பிடித்தவர் எங்கள் தலைவர் செல்வின் அண்ணன். குழித்துறைக்காரர், நெடுங்காலம் வளைகுடாவில் இருந்துவிட்டுக் கோவையில் வீடு கட்டியவர். நான் கொட்டாரத்துக்காரி. குழுவில் எங்கள் இருவருக்கு மட்டும் இது சொந்த மாவட்டம்.

போட்டியில் வெல்பவருக்கு ஒரு நீலத் தொப்பி. தொப்பி யார் தலையில் இருக்கிறதோ அவர்தான் அடுத்த ஓராண்டுக்குத் தலைவர். விதிகளில் ஏதாவது ஒன்றை அவர் யாரையும் கேட்காமல் மாற்றலாம். எனக்குத் தொப்பி பெரிதில்லை. அந்த ஒரு மாற்றம் வேண்டும். பெண்கள் மெதுவாக ஆடுவார்கள், பின்னால் வருகிறவர்கள் காத்து நிற்க வேண்டியிருக்கும் என்று யாரோ எப்போதோ சொல்லி, ஆண்கள் அத்தனை பேரும் ஆடி முடித்த பிறகுதான் பெண்கள் தொடங்கவேண்டும் என்று ஒரு விதி வைத்திருக்கிறார்கள். என் அலுவலகத்தில் இரண்டு பெண்கள் குழுவில் சேரத் தயார். "அந்த விதியைத் தூக்கிட்டுக் கூப்பிடு" என்கிறார்கள். மூன்று ஆண்டுகளாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன். சிரிக்கிறார்கள். ஆடி வெல்வது ஒன்றுதான் பாக்கி.

காத்திருந்து ஆடுவதில் என்ன நஷ்டம் என்று கேட்பவர்கள் ஆடி மாதத்தில் ஆரல்வாய்மொழிக்கு வரவேண்டும். நாகர்கோவிலிலிருந்து பதினைந்து கிலோமீட்டர். வெள்ளமடம் தாண்டி, பிச்சிப்பூ வாசத்தோடு தோவாளை தாண்டி, மலைகள் இருபுறமும் நெருங்கிவரும் இடத்தில் வேன் ஒரு குலுங்கு குலுங்கும். சாலை சரியாகத்தான் இருக்கும், குலுக்குவது காற்று. மேற்கிலிருந்து வரும் காற்று முழுக்க அந்த இடுக்கு வழியாகத்தான் போயாக வேண்டும். தென்னைகள் எல்லாம் கிழக்கே சாய்ந்து, தலைமுடி முகத்தில் விழுந்தவர்கள் போல நிற்கின்றன. காற்றாலைகள் எண்ணி முடியாது. நான் காற்றாலைப் பொறியாளர். இதே ஊரில் இரண்டு ஆண்டு இறக்கைகளைச் சோதித்திருக்கிறேன். விடிகாலையில் இங்கே இலைதான் அசையும். எட்டு மணிக்குத் துப்பட்டாவை முடிந்துகொள்ள வேண்டும். பத்து மணிக்கு மேல் குடை நிற்காது. நாற்பத்தாறு கிராம் எடையுள்ள ஒரு பந்துக்கு அங்கே என்ன ஆகும் என்பதற்குப் பொறியியல் படிக்க வேண்டியதில்லை.

சனிக்கிழமை பிற்பகல் சிதறால். ஆரல்வாய்மொழியிலிருந்து மேற்கே ஐம்பது கிலோமீட்டர் போல. மார்த்தாண்டம் தாண்டியதும் பேச்சில் மலையாளம் கலந்துவிடும். கொல்லாமரங்களுக்கு, அதாவது முந்திரி மரங்களுக்கு, நடுவே கல் பாவிய வழி மேலேறுகிறது. வேனைவிட்டு இறங்கும்போதே செல்வின் அண்ணன் என்னிடம் கேட்டார்.

"ஏ மக்கா, தண்ணி எடுத்தியா?"

"எடுத்தாச்சு அண்ணே."

உச்சிக்குப் போனால் இரண்டு பெரும்பாறைகள் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு நிற்க, அவற்றின் இடையே புகுந்து போக வேண்டும். அந்தப் பக்கத்தில் பாறை முகத்திலேயே சமணத் தீர்த்தங்கரர்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டு, யாரையும் பாராமல் அமர்ந்திருக்கிறார்கள். கீழே ஆறு, ரப்பர்த் தோட்டங்கள், தேவாலயக் கோபுரங்கள். பாறையில் சாய்ந்து உட்கார்ந்ததும் செல்வின் அண்ணன் அன்னாசித் துண்டுகளைத் திறந்துவைத்து எல்லோரையும் பார்த்து, "எடுத்தோ, எடுத்தோ" என்றார். பத்துக் கைகள் பாய்ந்தன.

'எடுத்தோ' என்றால் எடுத்துக்கொள். இந்தப் பக்கத்துப் பேச்சு. இதைச் செல்வின் அண்ணன் எங்கள் குழுவுக்கே கொடுத்திருந்தார். பந்து குழிக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றுவிட்டால், அதைத் தள்ளிவிட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம், கையால் எடுத்துக்கொள், இன்னும் ஓர் அடியில் விழுந்ததாக வைத்துக்கொள்வோம் என்று அடிகளை எண்ணுகிறவர் சொல்வார். மற்றவர்கள் இதற்கு ஆங்கிலத்தில் ஏதோ சொல்வார்கள். நாங்கள் 'எடுத்தோ' என்போம். கொங்குக்காரர்களும் அதையே சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டார்கள். சொல்லாமல் எடுத்தால் இரண்டு அடி தண்டம். போட்டியிலும் இதுவே விதி.

ஞாயிறு. ஆறரைக்கு ஆண்கள் தொடங்கினார்கள். நான் கட்டடத்தின் படியில் உட்கார்ந்து, காற்று ஏறுவதைக் காற்றாலைகளில் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் ஒன்றிரண்டு சுற்றின, பிறகு பாதி, பிறகு எல்லாம். கோபம் வரும்போது நான் எதையாவது வரிசைப்படுத்துவேன். உறை, பந்து, துணி, தண்ணீர், பொட்டலத்தில் இரண்டு ஏத்தம்பழம். எடுத்து வைத்ததையே மறுபடி எடுத்து வைத்தேன்.

குறைந்த அடிகளில் முடிப்பவருக்கே வெற்றி. ஆண்களில் முதலாவது செல்வின் அண்ணன், எண்பத்து நான்கு அடி. பத்து மணிக்கு மேல் என்னை அழைத்தார்கள். தனியாக ஆடுகிறவருக்குக் கூடவே நடந்து அடிகளை எண்ண ஓர் ஆள் வேண்டும். தலைவர் என்ற முறையில் செல்வின் அண்ணனே வந்தார். அதாவது, நான் நன்றாக ஆடினால் தொப்பியை இழக்கப்போகும் ஒரே மனிதர் என் அடிகளை எண்ண வந்தார். இதில் யாருக்கும் ஒரு குறையும் தெரியவில்லை.

ஆட்டத்தை விவரித்து அலுப்பூட்ட மாட்டேன். உயரத் தூக்கி அடித்த பந்தைக் காற்று தோப்புக்குள் கொண்டுபோய் வைத்தது. அதற்குப் பிறகு நான் தூக்கவே இல்லை. தரையோடு தரையாக, பாம்பு போகிறமாதிரி ஓட்டினேன். பார்க்க அழகாக இருக்காது. செல்வின் அண்ணன், "இது என்ன ஆட்டம் மக்கா, கோலிக்காயா?" என்றார். ஒன்பது குழிகளையும் இரண்டாம் முறை சுற்றி வரும்போது அவர் பேச்சை நிறுத்தியிருந்தார்.

கடைசிக் குழி கட்டடத்தின் மறைவில் இருக்கிறது. அங்கே காற்று அடங்கிவிடும். மற்றப் பத்துப் பேரும் வராந்தாவில் இளநீரோடு உட்கார்ந்திருந்தார்கள். என் எண்பத்திரண்டாவது அடி பந்தைக் குழிக்கு அருகே கொண்டுபோய் நிறுத்தியது. ஒரு சாண்கூட இல்லை. நான் மட்டையோடு குனிந்தேன்.

"எடுத்தோ" என்றார் செல்வின் அண்ணன்.

எடுத்தேன். எண்பத்து மூன்று. ஓர் அடி வித்தியாசத்தில் வெற்றி. வராந்தாவில் யாரோ கைதட்டத் தொடங்கி, செல்வின் அண்ணன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"நீ என்னத்துக்கு மக்கா பந்தை எடுத்த?"

"நீங்க சொன்னியள்லா, எடுத்தோன்னு."

"சொல்லேல்ல. கேட்டதாக்கும். எடுத்தோன்னு கேட்டேன். எடுத்துட்டியான்னு. எங்க பக்கம் அப்பிடியும் பேசுவோம், உனக்குத் தெரியும்லா?"

தெரியும். மலையாளம் கலந்த வீடுகளில் 'எடுத்தோ' கேள்வியாகவும் வரும். கேட்டால் கடைசி எழுத்து மேலே ஏறும். கொடுத்தால் கீழே இறங்கும். அவர் குரல் இறங்கியது. அதுமட்டுமா, பந்து என் மட்டைக்கு முன்னால் கிடக்கும்போது எடுத்துவிட்டாயா என்று யார் கேட்பார்கள்? அவர் கேட்டால் 'எடுத்தியா' என்றுதான் கேட்பார். முந்தின நாள்கூடத் தண்ணீருக்கு அப்படித்தான் கேட்டார். இதை எல்லாம் நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். குரலை உயர்த்தவில்லை.

விதிப் பொறுப்பு பழனிச்சாமி சாரிடம். ஓய்வுபெற்ற மில் மேலாளர். இளநீரைக் கீழே வைத்துவிட்டு வந்தார்.

"அம்மணி, அவரு பேச்சு அவருக்குத்தானுங்க தெரியும்? கேட்டேன்னு சொல்றாரு. நாம என்ன பண்றது? விதி விதிதானுங்களே."

"சார், மூணு வருஷமா நீங்களும் இந்த வார்த்தையைச் சொல்றீங்க. ஒரு நாளாவது கேள்வியா சொல்லியிருக்கீங்களா?"

"நாங்க கோயமுத்தூர்க்காரங்க. எங்களுக்கு இந்த ஏத்தம் எறக்கம் எல்லாம் தெரியாதுங்க கண்ணு."

இரண்டு அடி தண்டம். எண்பத்தைந்து. தொப்பி இருந்த தலையிலேயே இருந்தது. பொய் சொன்னவர் ஒருவர். அதைக் கேட்டுக்கொண்டே உறிஞ்சுகுழலில் இளநீர் குடித்தவர்கள் பத்துப் பேர். எனக்கு இன்றும் அந்தப் பத்துப் பேர்மேல்தான் கோபம் அதிகம்.

மதியச் சாப்பாடு நீள மேசையில். சம்பா அரிசிச் சோறு, தேங்காய் அரைத்த குழம்பு, வறுத்த நெய்மீன். செல்வின் அண்ணன் நல்ல உற்சாகத்தில் இருந்தார். மீன் தட்டைப் பழனிச்சாமி சார் பக்கம் நகர்த்தினார்.

"சாரே, நெய்மீனாக்கும். நடுத்துண்டு. எடுத்தோ."

பழனிச்சாமி சார் கையை நீட்டிப் பெரிய துண்டாகப் பார்த்து எடுத்தார்.

"சார், வச்சிடுங்க" என்றேன். "அவர் கேட்டிருக்கார். எடுக்கச் சொல்லலை."

மீன் துண்டு இலைக்கும் தட்டுக்கும் நடுவில் நின்றது. அதிலிருந்து எண்ணெய் ஒரு சொட்டு சொட்டியது. யாரோ களுக்கென்று சிரித்து இருமலாக மாற்றினார்.

"இது சோறுங்க அம்மணி, அது ஆட்டமுங்க" என்றார் பழனிச்சாமி சார். துண்டை இலையில் வைத்தார். ஆனால் அதைப் பிட்டுத் தின்னவில்லை. கடைசிவரை அது அப்படியே கிடந்தது.

சாப்பாட்டுக்குப் பிறகு பரிசளிப்பு. எனக்குச் 'சிறந்த பெண் ஆட்டக்காரர்' என்று ஒரு பித்தளைக் கிண்ணம். ஒருத்தி மட்டும் ஓடிய பந்தயத்தில் முதலிடம். நன்றி சொல்லி வாங்கி, மேசைமேல் மீன் முள்ளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன்.

மாலை, மீண்டும் நாகர்கோவில் ரயில் நிலையம். மற்றவர்கள் சிப்ஸ் வாங்கப் போயிருந்தார்கள். நான் பைமேல் உட்கார்ந்து எங்கள் கோவை மைதானத்தை நினைத்துக்கொண்டிருந்தேன். அதைச் சுற்றி அடர்ந்த மரங்கள். காற்று உள்ளே வருவதில்லை. காலையில் ஆடினாலும் மதியம் ஆடினாலும் ஒன்றுதான். அதனால்தான் அந்த விதி அங்கே ஏதோ மரியாதைபோலத் தெரிந்தது. நானும் மூன்று ஆண்டுகள் பொறுமையாகப் பேசிக்கொண்டிருந்தேன். ஆரல்வாய்மொழியில் அதன் எடை தெரிந்துவிட்டது.

செல்வின் அண்ணன் வந்து பக்கத்தில் நின்றார். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார்.

"மக்கா, இந்தக் கோவம் ஆகாது கேட்டியா. நாம ஒரே ஊருக்காரங்கல்லா. பின்னே, எனக்கும் மனசு ஒரு மாதிரி கெடக்கு. இந்தா, எடுத்தோ."

கடைசி எழுத்து கீழே இறங்கியது. தெளிவாக, கடைசிக் குழியில் இறங்கியது போலவே.

"கேக்கியளா, சொல்லுதியளா அண்ணே?"

"சொல்லுதேன் மக்கா. சொல்லுததாக்கும்."

"சரி. அவங்க எல்லாரும் இப்ப வந்துருவாங்க. அவங்க கேக்க இதே மாதிரி சொல்லுங்க. எடுத்துக்கிடுதேன்."

சிப்ஸ் பொட்டலங்களோடு அவர்கள் படியிறங்கி வந்தார்கள். முன்னால் பழனிச்சாமி சார். செல்வின் அண்ணன் தொப்பியைத் தலையில் மாட்டிக்கொண்டு, ரயில் வரும் திசையைப் பார்க்கத் தொடங்கினார்.