அண்ணன் பெயரில் இருந்த படங்கள்

எங்கள் சுரங்க ஊர் ஆஸ்பத்திரியின் பழைய நோயாளிச் சீட்டுகளைக் கணினியில் ஏற்றுவது என் வேலை. இனி ஏழைக்கும் பணக்காரனுக்கும் ஒரே மாதிரி பதிவு, பெங்களூர் டாக்டர்கூட நம் ஆட்களின் நெஞ்சு எக்ஸ்ரே படத்தை உடனே பார்க்கலாம் என்று பயிற்சியில் சொன்னார்கள். நான் நம்பினேன். இப்போதும் நம்புகிறேன், அதுதான் எரிச்சல்.

ஒரு சுரங்கத் தொழிலாளியின் சீட்டு வந்தது. வருடாவருடம் எடுத்த படங்கள், நுரையீரலில் கல்தூசி என்ற குறிப்பு. ஆள் உயிரோடு இருக்கிறாரா என்று விசாரிக்க, சீட்டில் இருந்த தொழிலாளர் லைன் வீட்டுக்கே போனேன். வாசலில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்த அம்மாவிடம் பெயரைச் சொன்னேன்.

"அவரு செத்து ரொம்ப வருஷமாச்சும்மா."

'இறந்தவர்' என்ற கட்டத்தில் டிக் அடித்துப் பதிவை மூடினேன். அன்று நான்தான் அதிகச் சீட்டு முடித்தேன் என்று பெருமை வேறு.

சில மாதம் கழித்து ஒரு பெரியவர் மூச்சிரைக்க வந்தார். அவர் ஆதார் பெயரில் பழைய பதிவு எதுவும் இல்லை. ஒப்பிடப் படம் இல்லாததால், புதிதாக வந்த டாக்டர் டிபி என்று நினைத்து மாத்திரை கொடுத்தார். அவர் நாளுக்கு நாள் மோசமானார். ஒருநாள் அவர் மனைவி கவுன்ட்டருக்கு வந்தார். துணி காயப் போட்ட அதே அம்மா.

"முன்னாடி எங்கேயும் படம் எடுக்கலையாம்மா?" என்றேன்.

"எடுக்காம இன்னா? மைன்ஸ்ல வருஷா வருஷம் எடுத்தாங்களே. எல்லாம் அவங்க அண்ணன் பேருல. வேலைக்குச் சேர்ந்த கொஞ்ச நாள்ல அண்ணன் செத்துட்டாரு. அந்தப் பேருலயே இவரு ஷாஃப்ட்ல எறங்குனாரு. அன்னிக்கு நீ பேரைத்தானேம்மா கேட்ட?"

எனக்குத் தெரியாத சங்கதியா இது? என் அப்பாவே சித்தப்பா பெயரில் ஷிஃப்டுக்குப் போனவர். ஆனாலும் அன்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. வெட்கமாக இருந்தது.

அண்ணன் பெயரில் இருந்த பதிவைத் திறந்து டிக்கை எடுத்துவிட்டு, படங்களைப் பெங்களூருக்கு அனுப்பினேன். சாயங்காலமே பதில் வந்தது: இது டிபி அல்ல, மாத்திரையை நிறுத்துங்கள். அதற்குள் அந்த மாத்திரையால் அவர் கல்லீரல் கெட்டிருந்தது. ஒரு வாரம்தான் இருந்தார்.

இப்போது சீட்டோடு யார் வந்தாலும், யார் பேரில் உள்ளே இறங்கினீர்கள் என்று கேட்கிறேன். அதற்குக் கணினியில் இடமில்லை, குறிப்பில் எழுதுகிறேன்.

அந்தப் பெரியவர் போனதும், அண்ணன் பெயரில் இருந்த அவர் பதிவில் 'இறந்தவர்' என்ற அதே கட்டத்தில் மறுபடியும் டிக் அடித்தேன். இந்த முறை யாரையும் விசாரிக்க வேண்டியிருக்கவில்லை.