கோக்குமோ பெயரை மாற்றிக்கொள்ளவில்லை

கோக்குமோவுக்கு முன்னால் பிறந்த இரண்டு பிள்ளைகளும் பால்குடி மறப்பதற்குள் போய்விட்டன. மூன்றாவதாக இவள் பிறந்ததும் வீட்டார் முந்திக்கொண்டார்கள். செத்துச் செத்து அதே பிள்ளைதான் திரும்பப் பிறக்கிறது என்பது நம்பிக்கை; அப்படி வந்து வந்து போகிற பிள்ளையை மிரட்டி இருத்திவைக்க எங்கள் யொருபா ஜனங்களிடம் தனியாகச் சில பெயர்கள் உண்டு. அதில் ஒன்றை எடுத்து வைத்தார்கள். கோக்குமோ என்றால் இனிச் சாகமாட்டாள் என்று அர்த்தம். பெயரைக் கேட்ட மாத்திரத்தில் எங்கள் ஊரான இபாதானில் எவருக்கும் கதை விளங்கிவிடும்.

பிறகு கைவிரலும் கால்விரலும் வீங்கிப் பிள்ளை கதறியபோது, ஆஸ்பத்திரியில் அந்தக் கதைக்கு வேறு பெயர் சொன்னார்கள். அரிவாள் செல் நோய். ரத்தத்தின் சிவப்பணு அரிவாளாய் வளைந்து குழாயில் சிக்கிக்கொள்ளும். சிக்கிய இடத்தில் எலும்பை முறிக்கிற மாதிரி வலி எடுக்கும். இரண்டு பெற்றோரிடமிருந்தும் சேர்ந்து வந்தால்தான் வரும். அப்படி வந்த ஒருத்தியை வைத்துக்கொண்டு வெளியே சொன்னால் பின்னால் பிறந்த மற்றப் பெண்களுக்கு மாப்பிள்ளை கிடைக்காது என்று அம்மா பயந்தாள். விருந்தாளி வந்தால் கோக்குமோ பின் அறைக்குப் போய்விட வேண்டும். வலி வந்தால் தலையணையைக் கடித்துக்கொள்ள வேண்டும். அழுகைச் சத்தம் முன் அறைக்குக் கேட்கக் கூடாது, அவ்வளவுதான் சட்டம்.

அந்தப் பெண் வளர்ந்து மொக்கோலா பக்கம் விருந்துகளுக்குக் கூடாரமும் நாற்காலியும் வாடகைக்கு விடுகிற தொழிலைப் பிடித்தாள். எங்கள் ஊரில் பிறப்புக்கும் விருந்து, இறப்புக்கும் விருந்து, ஆகையால் சோற்றுக்குப் பஞ்சமில்லை. இடுப்பெலும்பு தேய்ந்து ஒரு பக்கமாகச் சாய்ந்து நடப்பாள். தண்ணீர் போத்தல் கையை விட்டுப் போகாது. நாற்காலியில் ஒன்று உடைந்து திரும்பி வந்தாலும் வாடகைக்கு எடுத்தவன் தப்ப முடியாது, அப்படி ஒரு வாய்.

தன் அப்பாவின் அடக்க விருந்துக்குக் கூடாரம் கேட்டு வந்த வெல்டர் திமேயின், அந்த வாயில்தான் விழுந்தான். எங்கள் தேவாலயங்களில் மோதிரத்துக்கு முன்னால் ரத்தச் சோதனைச் சீட்டு கேட்பார்கள். அவன் சீட்டு சுத்தம், இவளுடையது இப்படி. பிள்ளைகளுக்கு நோய் வராது என்று போதகர் சம்மதித்தார். திமேயினின் தாய் அடுன்னி சம்மதிக்கவில்லை. ஊரில் வேறு பெண்ணே இல்லையா, நோஞ்சானைத் தூக்கி வர வேண்டுமா என்று கல்யாணத்தன்றும் கேட்டாள். அதற்குப் பிறகும் வாரம் தவறாமல் கேட்டாள்.

திமேயினுக்கு ஆஸ்திரேலியாவில், பெர்த் நகரத்தில் வேலை கிடைத்தது, போனான். போய்க் கொஞ்ச நாளில் மனைவியை அழைத்துக்கொள்ள விண்ணப்பம் போட்டான். இங்கே ஏஜென்ட் லேகான் பொறுப்பெடுத்துக்கொண்டான். அவனுக்குத் தெரியாத கள்ள வழி கிடையாது. கோக்குமோவையும் அடுன்னியையும் உட்காரவைத்து விளக்கினான். விசாவுக்கு முன்னால் நெஞ்சைப் படம் எடுப்பார்கள், எய்ட்ஸ் இருக்கிறதா என்று பார்ப்பார்கள், சிறுநீர் பார்ப்பார்கள். இந்த ரத்தத்தை எவரும் தேடப்போவதில்லை. நோய் உண்டா என்ற கேள்விக்கு இல்லை என்று போட்டுவிட்டால் முடிந்தது. ஒரே ஒரு தொல்லைதான். சோதிக்கப்போகும் லாகோஸ் டாக்டரும் யொருபாக்காரர். கோக்குமோ என்ற பெயரைப் பார்த்தால் கேட்காமல் விடமாட்டார். ஆகையால் கோர்ட்டில் சத்தியம் செய்து, பத்திரிகையில் போட்டு, ஃபோலாக்கே என்று பெயரை மாற்றிக்கொள்ளலாம்.

அடுன்னி உடனே தலையாட்டினாள். ஃபோலாக்கே நல்ல பெயர், பணக்காரப் பெயர் என்றாள்.

"அங்க போன பிறகு வலி வந்தா என்ன பண்றது, லேகான் அண்ணே?" என்று கோக்குமோ கேட்டாள்.

"மாத்திரை போட்டுக்கிட்டுப் படுத்துக்க. ஆஸ்பத்திரிப் பக்கம் மட்டும் போயிடாத. பொய் சொன்னது தெரிஞ்சிடும்."

"வாயைப் பொத்திக்கிட்டுப் படுக்கிறதுக்கு எதுக்குண்ணே விமானம் ஏறணும்? அதை எங்கம்மா வீட்டுப் பின் அறையிலேயே பண்ணிட்டேனே."

அடுன்னிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மகன் அங்கே தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறான், இவளுக்கு இங்கே வீம்பு என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள். கோக்குமோ முழந்தாளிட்டு மாமியாருக்கு மரியாதை செய்தாள், எழுந்தாள், பெயரை மாற்றவில்லை. மரியாதை வேறு, கீழ்ப்படிதல் வேறு என்பதில் அவளுக்குக் குழப்பமே இருந்ததில்லை. திமேயினும் போனில் தயங்கித் தயங்கித்தான் பேசினான். எல்லாரும் இப்படித்தான் செய்கிறார்கள் என்றான். கடைசியில் உன் உடம்பு, நீயே முடிவு பண்ணு என்று விட்டுவிட்டான்.

லாகோஸில் அந்த டாக்டர் பெயரைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். ஆங்கிலத்தை விட்டுவிட்டு, குரலைத் தாழ்த்தி எங்கள் பாஷையில் பேசினார்.

"சின்ன வயசுல ஏதோ இருந்திருக்கும்மா. இப்போ ஒண்ணுமில்லதானே?"

நல்ல மனுஷன்தான். கதவைத் திறந்து வைத்துவிட்டு அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறார். நுழைந்து போய்விடலாம். கோக்குமோவுக்கு ஆசை வராமல் இல்லை. திமேயினின் முகம் கண்முன்னே வந்து நின்றது. ஒரு வார்த்தை, இல்லை என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"இப்பவும் இருக்கு டாக்டர். எழுதிக்குங்க. இடுப்பெலும்பு தேஞ்சிருக்கு, அதையும் சேர்த்து எழுதுங்க."

அவர் எழுதினார். எழுதும்போது நிமிர்ந்து பார்க்கவில்லை.

வறண்ட காற்று வீசுகிற குளிர்மாதத்தில் ஆஸ்திரேலியாவிலிருந்து பதில் வந்தது. அந்தக் காற்றுக்கு இவளுக்கு எப்போதும் வலி வரும்; அன்றும் கால்களில் வலியோடு ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தாள். இவளுக்கு வைத்தியம் பார்ப்பது அந்த நாட்டு மக்களுக்குப் பெருஞ்செலவாகும் என்று மதிப்பிட்டிருந்தார்கள். அப்படியிருந்தும் ஏன் அனுமதிக்க வேண்டும் என்று சொல்ல விரும்பினால் சொல்லலாம் என்றும் இருந்தது. போனில் திமேயின் அழுதான். வேலையை விட்டுவிட்டுத் திரும்பி வந்துவிடுகிறேன் என்றான்.

"வராத. நீ வந்தா, நான் பாரம்னு அவங்க சொன்னது நிஜமாயிடும். அங்கேயே நில்லு. நான் வர்றேன்."

சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். பிறகுதான் அழுதாள். வலிக்காகவும் அழுதாள், அவமானத்துக்காகவும் அழுதாள்.

அப்போதே சொன்னேனே என்று அடுன்னி குத்திக்காட்டப்போகிறாள் என்று காத்திருந்தாள். அடுன்னி கஞ்சிப் பாத்திரத்தோடு வந்தாள். லேகானை அழைத்து, அந்தப் பதிலில் என்ன இருக்கிறது என்று வரிக்கு வரி சொல்லச் சொன்னாள். பெருஞ்செலவு என்ற இடத்தில் நிறுத்தி, இன்னொரு தடவை கேட்டாள்.

"நான் இவளை ஆயிரம் சொல்லுவேன். என் வீட்டுக்கு வந்தவ, சொல்லுவேன். அவன் யாரு என் மருமகளுக்கு விலை போடுறதுக்கு?"

லேகான் உருக்கமாக ஒரு பதில் தயாரித்து வந்தான். ஏழை நோயாளி, கருணை காட்டுங்கள் என்று தொடங்கியது. கோக்குமோ முதல் வரியிலேயே நிறுத்தச் சொன்னாள். என்னைப் பார்த்துப் பாவப்படுகிறவன் எனக்கு விசா தர வேண்டாம் என்றாள். தான் சொல்லச் சொல்ல எழுதவைத்தாள். தன் தொழிலில் பிழைக்கிற குடும்பங்களைச் சொன்னாள். வலியோடு நின்று நடத்திக் கொடுத்த விருந்துகளைச் சொன்னாள். ரத்த வைத்திய நிபுணரின் அறிக்கையை வைத்தாள். நான் ஒரு செலவு மட்டுமில்லை, ஒருவனின் மனைவி. வருகிற இடத்திலும் உழைப்பேன், நோயும் கூடவே வரும், இரண்டையும் முன்கூட்டியே சொல்கிறேன் என்று முடித்தாள். இது உருப்படாது என்று லேகான் முகத்தைச் சுளித்துக்கொண்டே அனுப்பிவைத்தான்.

மழைக்காலம் வந்து பாதி போன பிறகு விசா வந்தது.

காரியம் கைகூடினால் தேவாலயத்தில் எழுந்து, கர்த்தர் செய்ததைச் சாட்சி சொல்ல வேண்டும், பிறகு குடும்பத்தோடு ஆடிக்கொண்டே பீடம்வரை போக வேண்டும். அது எங்கள் வழக்கம். அடுன்னி அதற்கு முன்பே சபை முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள், மருமகளின் நோயைக் கர்த்தர் தொட்டுக் குணமாக்கிவிட்டார், அதனால்தான் விசா வந்தது என்று. நல்லெண்ணத்தில் சொன்னதுதான். ஊரை விட்டுப் போகிறவளை நோயாளி என்று எவரும் சொல்லிவிடக் கூடாதே. ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் ஒரே மாதிரித் துணியில் உடுத்தி வந்திருந்தார்கள். கோக்குமோ மைக்கைப் பிடித்தாள்.

"நான் குணமாகல" என்றாள். "நோய் அப்படியே இருக்கு. இருக்குன்னு சொல்லித்தான் விசா வாங்கினேன். இங்கேயும் சில வீடுகள்ல பின் அறையில பிள்ளைங்க இருக்குன்னு எனக்குத் தெரியும். அதுங்களை முன்னாடி கூட்டிட்டு வந்து உட்கார வையுங்க."

அல்லேலூயா வரவில்லை. விசிறிகள் நின்றுவிட்டன. போதகர் தன் காலணியைப் பார்த்தார். கோக்குமோவின் சொந்தத் தங்கை தலைக்கட்டைச் சரிசெய்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மேளக்காரன் குச்சியைத் தூக்கியவன் தூக்கியபடியே போதகரைப் பார்த்தான்.

கோக்குமோ மைக்கை வைத்துவிட்டுப் பீடத்தை நோக்கித் தனியாக நடக்கத் தொடங்கினாள். மேளமில்லை, கூட வர ஆளில்லை. சாய்ந்து சாய்ந்து அவள் வைக்கிற ஒவ்வொரு அடியும் சிமெண்டுத் தரையில் கேட்டது.

முன்வரிசையில் அடுன்னி எழுந்தாள். சபை முழுவதும் அவள் முகத்தைப் பார்த்தது. இத்தனை நாள் ஊரெல்லாம் சொல்லி வைத்த கதை ஒரே நிமிஷத்தில் பொய்யாகிப் போனவளின் முகம் அது. அவள் மருமகளைப் பார்க்கவில்லை. மேளக்காரன் பக்கம் திரும்பினாள்.

"கை செத்துப்போச்சாடா உனக்கு? என் மருமக நடக்குறா. அடி."