ஜவ்வாது மலையில் மாணிக்கத்தின் கை

ஜவ்வாது மலைக்கு எப்படிப் போவது என்று கேட்பவர்களுக்கு, நான் போன முதல் தடவையைத்தான் சொல்வேன். எண்பதுகளின் நடுவில், ஒரு மாசி மாதப் புதன்கிழமை. ஊர் சுற்றிப் பார்க்க அல்ல, மாணிக்கத்தைக் கீழே இழுத்து வரத்தான். வேலூரில் நான் எக்ஸ்ரே எடுக்கும் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் அவர் உதவியாளர், எனக்குத் தம்பி மாதிரி. விரல் தோல் வெடித்து, நகம் கறுத்து, ஆறாத புண்ணோடு லீவு போட்டுவிட்டு மலையிலிருக்கும் தன் ஊருக்குப் போய்விட்டார். வெள்ளிக்கிழமை மருத்துவக் குழு முன்னால் வந்து நிற்காவிட்டால், வேலையால் வந்த நோய் இல்லை என்று ஃபைலை மூடிவிடுவார்கள். சிகிச்சையும் போச்சு, நஷ்டஈடும் போச்சு.

காலை ஐந்தரைக்கு வேலூரில் பஸ். கண்ணமங்கலத்தில் இட்லி (சாம்பார் என்ற பெயரில் மஞ்சள் வெந்நீர்). ஏழரைக்குப் போளூர். அங்கிருந்து ஜமுனாமரத்தூர் நாற்பது கிலோமீட்டர், டிக்கெட் ஐந்து ரூபாய், இரண்டரை மணி நேரம். வளைவுகளில் வயிறு வாய்க்கு வந்தது. "இன்னாம்மா, மொதல் தபாவா? ஜன்னலாண்ட குந்துங்க" என்று கண்டக்டர் இடம் மாற்றிக் கொடுத்தார். புண்ணியவான்!

இறங்கி மூன்று கிலோமீட்டர் நடை. மாணிக்கத்தின் மனைவி வாசலில் புளி உடைத்துக்கொண்டிருந்தார். மாணிக்கம் கையில் பச்சிலைக் கட்டோடு எழுந்து வந்தார்.

"இன்னாக்கா, இவ்ளோ தூரம்?"

"நீ வர்றியா, இல்ல நானும் இங்கயே குந்தி புளி உடைக்கட்டுமா?"

அவர் சிரிக்கவில்லை. "பேட்ஜ் ரீடிங் பூரா பூஜ்யம்க்கா. எக்ஸ்ரேயால வந்தது இல்லன்னு டாக்டரே சொல்ட்டாரு. வந்து இன்னா ஆவப்போவுது?"

பேட்ஜ் என்பது சட்டையில் குத்திக்கொள்ளும் சின்ன ஃபிலிம் அட்டை. நம்மேல் எவ்வளவு கதிர் பட்டது என்று அது சொல்லும். ரீடிங் ஏறினால் வேலையை விட்டுத் தூக்கிவிடுவார்கள் என்று பயந்து, எக்ஸ்ரே அறையில் இருந்த நாங்கள் ஐந்து பேரும் அதை டிராயரில் வைத்துவிட்டுத்தான் எக்ஸ்ரே எடுப்போம். அந்த யோசனையைச் சொன்ன மகராசி நான்தான்! மாணிக்கமோ, எக்ஸ்ரே எடுக்கும்போது அழுகிற குழந்தைகளை ஈயக் கையுறை இல்லாமல் வெறுங்கையால் பிடித்துக்கொண்டு வருஷக்கணக்கில் நின்றவர்.

போன வாரம்தான் மெட்ராஸில் ஒரு பயிற்சி வகுப்பில் தெரிந்துகொண்டேன். எக்ஸ்ரேயால் வரும் நோய் சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலிலேயே இருக்கிறதாம். ரீடிங் மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாதாம். என்ன வேலை, எத்தனை வருஷம், கை எங்கே இருந்தது என்று எல்லாவற்றையும் விசாரிக்க வேண்டுமாம். பத்து வருஷம் அதே அறையில் நின்றும் எனக்கு இது தெரியாது. வெட்கக்கேடு.

எல்லாவற்றையும் சொன்னேன். மாணிக்கம் தலையைக் குனிந்துகொண்டார். "டிராயர் சமாச்சாரத்த சொன்னா உங்க வேல போய்டுமேக்கா."

இதற்காகத்தான் இந்த மனுஷன் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறார். எனக்கு அழுகை வந்துவிட்டது. நடந்ததை எல்லாம் அங்கேயே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அவர் மனைவி புளியிலிருந்து கண்ணை எடுக்காமலே, "அக்காவே எழுதிட்டாங்க இல்ல, சட்டய மாத்து" என்றார். இரண்டு மணி பஸ்ஸில் இறங்கினோம்.

குழு தாளைப் படித்தது, கையைப் பார்த்தது, எக்ஸ்ரேயால் வந்த நோய்தான் என்று எழுதியது. ஒரு விரல் நுனியை எடுக்க வேண்டியிருந்தது, கை பிழைத்தது. மாணிக்கம் நோயாளிகளுக்குச் சீட்டு கொடுக்கும் இடத்துக்கு மாறினார். எனக்கு ஒரு மெமோ, ஒரு வருஷ இன்கிரிமென்ட் கட். போகட்டும்.

மலைக்குப் போகிறவர்கள் போளூரில் காலை பஸ்ஸையே பிடியுங்கள், திரும்பும் நேரத்தைக் கண்டக்டரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள். எக்ஸ்ரே அறையில் வேலை செய்கிறவர்களானால், பேட்ஜ் உங்கள் சட்டையில் இருக்கட்டும்.

அடுத்த தடவை எங்கள் அறைக்கு ரீடிங் வந்தபோது ஒருவருக்கும் பூஜ்யம் இல்லை. நாங்கள் கைதட்டினோம்.